எழுதாமல் விட்ட இருபத்தொரு கார்டு

ஜூலை 6, 1964. திங்கள்

சுண்டு, இன்றைக்குக் காலையிலிருந்து காற்று. ஆடி பிறக்கவே இல்லை, அதற்குள் இந்தப் பேய்க்காற்று. பள்ளிக்கூடத்துச் சமையல் கொட்டகையில் அடுப்பு நின்று எரியவில்லை. புகை முழுக்க என் கண்ணில். சோறு குழைந்து போனது. பிள்ளைகள் ஒன்றும் சொல்லாமல் தின்றார்கள். அதற்கு நன்றி.

அருள்மேரி என்று பேர் போட்ட உன் நாலாம் வகுப்பு நோட்டில் பின்பக்கமெல்லாம் காலி. அதில்தான் எழுதுகிறேன். மூன்றாவதோடு நின்றவள் எழுத்து, கோணலாகத்தான் இருக்கும். யார் பார்க்கப் போகிறார்கள்.

ஐந்தாம் வகுப்புக்குப் புது டீச்சர். வசந்தா டீச்சர். திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வருகிறார். நீ இருந்தால் இந்த வருஷம் அவர் வகுப்பு. கஸ்தூரி பக்கத்தில் உன் இடம் காலி. யாரும் உட்காராமல் அவள் பையை வைத்துவிடுகிறாள்.

டீச்சர் வகுப்பில் கயிறு கட்டி, துணி காயப்போடுகிற மாதிரி காகிதம் தொங்கவிட்டிருக்கிறார். அச்சடித்தது எது கிடைத்தாலும் கொண்டு வரச் சொன்னாராம். இன்று தொங்கியவை:

சினிமா நோட்டீஸ், பச்சை.
ஜவுளிக்கடை நோட்டீஸ்.
பழைய எலெக்‌ஷன் நோட்டீஸ்.
வேர்க்கடலை மடித்த பேப்பர், எண்ணெய்க் கறையோடு.
டானிக் விளம்பரம். புஜத்தைக் காட்டிக்கொண்டு ஒரு ஆள்.

டானிக்கைக் காட்டி, "ஒரே பாட்டிலில் யானை பலம்னு போட்டிருக்குது. நம்பலாமா?" என்று டீச்சர் கேட்டார்.

"எங்க நைனா மூணு பாட்டில் குடிச்சாரு டீச்சர். கன்னுக்குட்டி முட்டுனாலே உழுந்துடறாரு."

கொட்டகையில் தனியாக நின்று சிரித்தேன். பத்து மாதத்தில் முதல் தரம். சிரித்த பிறகு பயமாக இருந்தது.

ஜூலை 8, புதன்

கீரை நன்றாக அமைந்தது. சைக்கிளில் கொண்டு வந்த சிங்கவரத்துக்காரர் ஒரு கட்டு சேர்த்துப் போட்டார். கேட்காமலே. நன்றி.

பால் பவுடர் டின் மூடி தொலைந்து போச்சு. தேட வேண்டும்.

டீச்சர் போர்டில் நாலு கேள்வி எழுதிப் போட்டிருக்கிறார். எதைப் படித்தாலும், யார் என்ன சொன்னாலும், இந்த நாலையும் கேட்க வேண்டுமாம். பாத்திரம் கழுவப் போகிற வழியில் நின்று மனசில் வாங்கிக்கொண்டேன்:

யார் சொன்னது?
அவர் கண்ணால் பார்த்தாரா?
எந்த ஊர், எந்த நாள்?
நாம் நம்பினால் யாருக்கு லாபம்?

டீச்சர்: "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, கிரகமெல்லாம் ஒண்ணா சேருது, உலகம் அழியப் போவுதுன்னு சொன்னாங்களே. ஞாபகம் இருக்குதா?"

"எங்க வூட்ல ஆட்டை அடிச்சித் தின்னுட்டோம் டீச்சர். எப்படியும் சாவப் போறோமேன்னு."

"உலகம் அழிஞ்சுதா?"

"ஆடுதான் டீச்சர் அழிஞ்சுது."

ஹெட்மாஸ்டர் சத்தம் கேட்டு வந்துவிட்டார். "இன்னாம்மா இது, பாடம் நடத்துறியா, கூத்து நடத்துறியா? ஒவ்வொண்ணும் வூட்டுக்குப் போயி, நைனா நீ கண்ணால பாத்தியான்னு கேக்குதாம். காலையில ஒருத்தர் என்னைப் புடிச்சி உலுக்கிட்டுப் போறாரு."

"அவரு பாத்தாராமா சார்?" என்று ஒரு பிள்ளை கேட்டது.

பிள்ளைகள் சிரித்தன. ஹெட்மாஸ்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, காட்டிக்கொள்ளவில்லை. "பரிட்சையில மார்க்கு கொறையட்டும், அப்ப வச்சிக்கறேன்" என்று போனார். நல்ல மனுஷன்.

ஜூலை 10, வெள்ளி

இன்று முடியவில்லை. பருப்பு அடிபிடித்தது.

ஜூலை 11, சனி

காற்று இல்லை. புழுக்கம். நேற்று நடந்ததை இப்போது எழுதுகிறேன்.

யாரோ ஒரு பிள்ளை கயிற்றில் தொங்கவிட அந்தத் தபால் கார்டைக் கொண்டு வந்தது. டீச்சர் சத்தமாகப் படித்தார். முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மலைக்கோயில் ஒன்றில் நாகம் மனுஷக் குரலில் பேசியது. இதைப் படித்தவர் ஒன்பது நாளுக்குள் இருபத்தொரு பேருக்கு எழுதி அனுப்ப வேண்டும். எழுதிய வியாபாரிக்குப் புதையல் கிடைத்தது. கிழித்துப் போட்டவன் ரத்தம் கக்கிச் செத்தான். அதே கார்டு. ஆனால் கடைசியில் புதுசாக ஒன்று சேர்ந்திருந்தது:

"செஞ்சியில் பள்ளிக்கூடத்தில் சோறாக்கும் ஒருத்தி அலட்சியம் செய்தாள். ஒன்பதாம் நாள் அவளுடைய ஒரே மகள் மாண்டாள்."

வகுப்பு அப்படியே திரும்பிக் கொட்டகையைப் பார்த்தது. டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. புதுசு, அவருக்கு எப்படித் தெரியும். நான் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு பருப்பு என்ன ஆனது என்று தெரியாது.

போன ஆவணியில் அந்தக் கார்டு நம் வீட்டுக்கு வந்ததே. நீதான் படித்துக் காட்டினாய். "எழுதலாமாம்மா?" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன்? "இருபத்தொரு கார்டுக்கு எங்க போறது. நம்ம சாமியும் இல்ல. வுடுடி." மறுநாள் விறகு ஈரம். அந்தக் கார்டைக் கொளுத்தித்தான் அடுப்பு பற்றவைத்தேன். எட்டாம் நாள் உனக்குக் காய்ச்சல். பதினாறாம் நாள் நீ இல்லை.

இதை உங்க நைனாவிடம்கூடச் சொல்லவில்லை. கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லவில்லை. கடைத்தெரு மளிகைக்கடைக் கோமளம்மாவிடம் மட்டும் ஒரு தரம், புளி வாங்கப் போனபோது, அழுகையில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அங்கிருந்துதான் போயிருக்கிறது. ஊர் ஊராகப் போயிருக்கும். உன் சாவைக் காட்டி எத்தனை பேரைப் பயமுறுத்துகிறார்களோ.

ஒன்பதாம் நாள் இல்லை. பதினாறாம் நாள். அதைக்கூடச் சரியாகப் போடவில்லை.

ஜூலை 13, திங்கள்

டீச்சர் கொட்டகைக்கு வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி நேரே.

"அக்கா, யாரும் எங்கிட்ட சொல்லல. தெரிஞ்சிருந்தா வாயத் தொறந்திருக்க மாட்டேன்."

"படிச்சா இன்னா டீச்சர். எழுதியிருக்கறது நெசந்தானே."

டீச்சர் அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்துவிட்டார், பட்டுக்கரைப் புடவையோடு. பிறகு, "நெசமான்னு எனக்குத் தெரியாதுக்கா. உங்களுக்கும் தெரியாது. பிள்ளைங்க கேட்டுப் பாக்கட்டுமா? நீங்க வேணாம்னா அந்தக் கார்டை இப்பவே தூக்கிப் போட்டுடறேன்" என்றார்.

கேட்டுப் பார்த்து நிஜம் என்று ஆகிவிட்டால்? அந்த ஒன்றுதான் மனசில். சாயங்காலம் பஸ்ஸுக்குப் போகும்போது, கேட்கட்டும் என்று சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

பால் பவுடர் மூடி கிடைத்தது. விறகுக்குப் பின்னால்.

ஜூலை 15, புதன்

பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராக வீடு வீடாகப் போகிறார்கள். கார்டு வந்ததா, எழுதினீங்களா, அப்புறம் என்ன ஆச்சு. மூன்றே கேள்வி. போர்டில் நாலு கட்டம்:

எழுதினோம், நல்லா இருக்கிறோம்.
எழுதினோம், கெட்டது நடந்தது.
எழுதவில்லை, நல்லா இருக்கிறோம்.
எழுதவில்லை, கெட்டது நடந்தது.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கோடு. பிள்ளைகள் வந்து சொல்லச் சொல்ல டீச்சர் போடுகிறார். கொட்டகையில் எல்லாம் கேட்கிறது.

"டீச்சர், ஒரு அம்மா கதவைச் சாத்திட்டாங்க. எந்தக் கட்டத்துல போடறது?"

"டீச்சர், ஒரு வூட்ல எழுதினாங்களாம், மாமனார் போயிட்டாராம். அது கெட்டதான்னு கேட்டேன். அந்தம்மா ரோசன பண்றாங்க."

"பனை ஏறுற தாத்தா எழுதல டீச்சர். காலு ஒடிஞ்சிடுச்சி. ஆனா வருசத்துக்கு ஒருக்கா ஒடியுமாம். கார்டு வராத வருசமும் ஒடிஞ்சிதாம்."

அப்புறம் இரண்டு பெண் குழந்தைகள் மெதுவாகப் பேசின. மெதுவாகப் பேசினாலும் கேட்டுவிட்டது. கோமளம்மா அவர்களிடம், "என்னை இன்னா கேக்கறீங்க, உங்களுக்குச் சோறு போடறவளைப் போயி கேளுங்க" என்றாளாம்.

பள்ளி விட்டபிறகு பெருக்கப் போனேன். மூன்றாவது கட்டத்தில் கோடு போட இடமே இல்லை. எழுதாமல் விட்டவர்கள்தான் ஊரில் அதிகம். ஒன்றும் ஆகவில்லை அவர்களுக்கு. நாலாவது கட்டத்தில் இரண்டே கோடு. பனைக்காரர் கால் ஒன்று. நீ ஒன்று.

மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, சரி. நமக்கு ஆச்சே. இதை எந்தப் போர்டில் எழுதினாலும் நமக்கு ஆச்சே.

உன் கோட்டின் மேல் படாமல் பெருக்கிவிட்டு வந்தேன்.

ஜூலை 16, வியாழன்

கஸ்தூரி இன்று சாப்பிடவில்லை. தட்டை அப்படியே வைத்துவிட்டாள். "இன்னாடி கண்ணு, சாம்பார் புளிக்குதா?" என்றேன். தலையை ஆட்டினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மழை வரும்போல் இருந்தது. வரவில்லை. மலை மேல் மட்டும் பெய்துவிட்டுப் போனது.

ஜூலை 17, வெள்ளி

இன்னும் அடுப்பு மூட்டவில்லை. எழுதிவிடுகிறேன்.

கடைசி பீரியட் டீச்சர் என்னை வகுப்புக்குக் கூப்பிட்டார். இஷ்டம் இருந்தால் வாங்க என்றுதான் சொன்னார். போனேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போர்டுப் பக்கம் நின்றேன். கார்டு வந்தது, எரித்தது, காய்ச்சல் வந்தது, எல்லாம் சொன்னேன்.

ஒருத்தி எழுந்து, "பதினாறாம் நாளா? கார்டுல ஒம்பதுன்னு போட்டிருக்குது. அப்ப அது பொய்யா?" என்றாள்.

"பொய்தாம்மா."

சொன்ன உடனே ஒரு கோபம் வந்தது பார். இத்தனை நாள் என் மேல்தான் கோபம். அந்தக் கார்டின் மேல் இன்றைக்குத்தான் வந்தது.

டீச்சர் இரண்டாவது கேள்வியைக் காட்டினார். "எழுதலைன்னு யார் கண்ணால பாத்தது?"

"நாந்தான் டீச்சர். நாந்தானே எரிச்சேன்."

"நீங்க எழுதல. சரி."

அப்போதுதான் கஸ்தூரி எழுந்தாள். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு. "அருள்மேரி எழுதுனா டீச்சர். அம்மா கொளுத்தறதுக்கு முன்னாடியே நோட்டுல பாத்து எழுதிக்கினா. நோட்டுத் தாளைக் கிழிச்சிக் கிழிச்சி இருபத்தொண்ணும் எழுதுனா. நானும் அவளும் போயி வூட்டு வூட்டுக்கு கதவிடுக்குல போட்டோம். அம்மாகிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. அதான் சொல்லல." அழுதாள். உன் பெஞ்சில் இருந்த பை கீழே விழுந்தது.

நான் அவளைக் கட்டிக்கொண்டேன். ஆனால் டீச்சர், நல்ல டீச்சர், அதையும் அப்படியே விடவில்லை. "கஸ்தூரி சொல்றது நெசமாத்தான் இருக்கும். ஆனா நாம இதுவரைக்கும் என்ன பண்ணோம்? சொன்னா போதும்னு விட்டோமா?" என்றார்.

"பாக்கணும் டீச்சர்" என்று வகுப்பே கத்தியது.

ஜூலை 18, சனி

பாவம் பிள்ளைகள். லீவு நாளில் நீ எழுதிய தாளைத் தேடிப் போயிருக்கிறார்கள். இந்த ஊரில் யாரும் அந்தக் கார்டைத் தூக்கி எறிவதில்லை. எறிந்தால் ஆகாது. எழுதவும் மாட்டார்கள். சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்துவிடுவார்கள். அதனால் இருந்தால் கிடைக்கும். இல்லாவிட்டால்? கஸ்தூரி என்மேல் இரக்கப்பட்டு ஒன்று கட்டிச் சொல்லியிருந்தால்? சின்னப் பிள்ளைதானே.

வேலை ஓடவில்லை. இரண்டு தரம் தண்ணீர் எடுத்தேன், குடம் நிறைந்திருக்கும்போதே.

மதியம் கோமளம்மா வீட்டுக்கே வந்தாள். உள்ளே வராமல் வாசலில் நின்றாள்.

"மரியா, உன்னைப் பத்தி எழுதிச் சேத்தது நாந்தான்."

"தெரியும்கா."

"எனக்கும் ஒரு பொண்ணுதான். நீ சொன்னதுலேர்ந்து எனக்குத் தூக்கமே கெடையாது. பயந்துட்டேன். எழுதறது எழுதறோம், நாலு பேரு மதிக்கட்டும்னு அதையும் சேத்துட்டேன். ஒம்பதுன்னு போட்டா பொருத்தமா இருக்கும்னு..." அழுதாள். நான் என்ன செய்வேன். மோர் கொடுத்தேன். குடித்தாள்.

"பிள்ளைங்க கேக்கற மாதிரி நோட்டுத் தாள் ஒண்ணு எங்க வூட்லயும் இருக்குது. பெருமாள் படத்துக்குப் பின்னால. இன்னிக்கு சனிக்கெழம, படத்த நவுத்த மாட்டேன். திங்கக்கெழம நானே கொண்டாறேன்."

அவளும் ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு பயந்தவள். எனக்கு அவள்மேல் கசப்பு இல்லை, சுண்டு. இருக்கும் என்று நினைத்தேன். தேடிப் பார்த்தேன், இல்லை. நன்றி.

ஜூலை 19, ஞாயிறு

பூசைக்கு இரண்டு பேரும் போனோம். உங்க நைனா ரைஸ்மில்லிலிருந்து காலை பஸ்ஸில் வந்தார். சட்டையெல்லாம் தவிடு. கல்லறையில் உன் பக்கத்தில் நெருஞ்சி முளைத்திருந்தது, பிடுங்கிவிட்டார்.

அங்கேயே வைத்துச் சொல்லிவிட்டேன். கார்டு, அடுப்பு, எல்லாம். நிமிர்ந்து பார்க்காமல் சொன்னேன்.

"எந்தக் கார்டு?" என்றார். அவருக்குத் தெரியவே தெரியாது. முழுசாகக் கேட்டார். பிறகு, "இதையா பத்து மாசமா வயித்துல வச்சிக்கினு இருந்த? மூளைக்காய்ச்சல்டி அது. டாக்டர் சொன்னப்ப நீயுந்தானே நின்ன" என்றார்.

"நின்னேன். காதுல ஏறல."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"எப்படி சொல்றது. ஏண்டி கொளுத்துனன்னு கேட்டா?"

அவர் முள் குத்திய விரலை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். திரும்பி வரும்போது என் பையை வாங்கிக்கொண்டார். பத்து வருஷமாகச் செய்யாத காரியம்.

கறி எடுத்தார். அரைக்கிலோ. நான் இரண்டு தரம் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

ஜூலை 20, திங்கள்

மழை. நிஜ மழை. கொட்டகை ஒழுகியது. அடுப்பை இடம் மாற்றிப் போட்டேன். கடலை போட்டவர்கள் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள்.

கிடைத்துவிட்டது, சுண்டு. பதினாலு தாள். மீதி எங்கே போனதோ, பரவாயில்லை. பிள்ளைகள் பதின்மூன்று கொண்டு வந்தார்கள், கோமளம்மா மழையில் நனைந்தபடி தானே ஒன்று. குங்குமம் ஒட்டிய தாள், புகை படிந்த தாள், ஒன்றில் எலி கடித்திருந்தது. டீச்சர் மேஜைமேல் பரப்பினார். இரட்டைக்கோடு போட்ட நோட்டுத் தாள். உன் எழுத்து. நான் கிட்டப் போகவே வேண்டியிருக்கவில்லை, கதவிலிருந்தே தெரிந்துவிட்டது. பென்சிலை அழுத்தி அழுத்தி, வரி முடியும் இடத்தில் எழுத்து கீழே சரியும்.

டீச்சர் ஒன்றை எடுத்துப் படித்தார். நாகம் பேசியது இருந்தது. இருபத்தொரு பேர் இருந்தது. புதையல்கூட இருந்தது. ரத்தம் கக்கிச் செத்தவன் இல்லை. அந்த இடத்தில் நீயாக எழுதியிருக்கிறாய்:

"எழுத முடியாதவர்கள் எழுத வேண்டாம். ஒன்றும் ஆகாது."

அடுத்த தாளை எடுத்தார். அதிலும் அப்படியே. பதினாலிலும் அப்படியே. நானே ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தேன். படித்து முடிக்கிறவரை மழைச் சத்தம்தான்.

கோமளம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "இதுல பயமுறுத்தவே இல்லியேடி. அதான் இத நான் எழுதாம வச்சிட்டேன். பயமுறுத்தினதத்தான் எழுதினேன்."

டீச்சர் திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்தார். "கேட்டீங்களா?" அவ்வளவுதான் சொன்னார். அந்தப் பிள்ளைகளுக்குப் புரிந்தது. முகத்தில் தெரிந்தது.

பிறகு சாக்பீஸை என்னிடம் நீட்டினார். "நீங்களே மாத்துங்கக்கா." நாலாவது கட்டத்தில் உன் கோட்டை உள்ளங்கையால் அழித்தேன். எழுதினோம், கெட்டது நடந்தது. அந்தக் கட்டத்தில், மாமனார் போனவர் கோட்டுக்குப் பக்கத்தில், ஒரு கோடு போட்டேன். கோணலாக வந்தது. ஒரு கோட்டை இந்தக் கட்டத்திலிருந்து அந்தக் கட்டத்துக்கு மாற்றினால் நீ திரும்பி வரப் போவதில்லை. எனக்குத் தெரியும். ஆனாலும் கொட்டகைக்குத் திரும்பி வரும்போது கால் லேசாக இருந்தது.

பிள்ளைகள் இப்போது கார்டு ஒன்று எழுதுகிறார்கள். யாருக்கும் அனுப்பச் சொல்லாத கார்டு. நாலு கட்டத்தையும் அப்படியே எழுதி, எந்தெந்த வீட்டுக்குப் போனார்களோ அந்தந்த வீட்டுக்கே கொடுக்கப் போகிறார்கள். ஹெட்மாஸ்டர் தாள் கொடுத்தார். முணுமுணுத்துக்கொண்டேதான்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: டீச்சர். கஸ்தூரி, இன்று இரண்டு தட்டு சாப்பிட்டாள். தாளைத் தூக்கி எறியாமல் வைத்திருந்த பதினாலு வீடு. உங்க நைனா. மழை.

உனக்கும்தான். ஆனால் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். எழுதாவிட்டால் ஒன்றும் ஆகாது என்று பதினாலு தாளிலும் உன் கையால் எழுதியிருக்கிறாய். ஊருக்கெல்லாம் அப்படிச் சொன்னவள், ஒன்றுகூட விடாமல் இருபத்தொன்றையும் உட்கார்ந்து எழுதி முடித்திருக்கிறாயே. கார்டைக் கொளுத்தியவள் நான்தானே. யாருக்கு என்ன ஆகிவிடும் என்று பயந்தாய், சுண்டு?